ஊமைப்படம் அல்ல, பேசாப்படம்

போன மாதம் ஒரு திரையிடலுக்குப் போயிருந்தேன். வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பிலேயே "ஊமைப்படக் காலத்துக் காதல் காவியம்" என்று போட்டிருந்தார்கள். பார்த்துப் பார்த்துச் சலித்த சொல், இதற்கெல்லாம் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தால் ஒரு படமும் பார்க்க முடியாது என்று கிளம்பிவிட்டேன். படம், எஃப். டபிள்யூ. முர்னாவ் எடுத்து 1927இல் வந்த 'சன்ரைஸ்'. விளக்கை அணைத்தார்கள், படம் ஓடத் தொடங்கியது, சத்தமே இல்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ஸ்பீக்கர் பழுது என்று நினைத்து எழுந்துபோய் புரொஜெக்டர் பக்கத்தில் இருந்த தம்பியிடம் கேட்டால், "ஊமைப்படம்தானே சார், அதான் வால்யூமை ஜீரோல வச்சிட்டேன்" என்றார்.

அவர் மேல் தப்பே இல்லை. ஊமை என்று சொல்லிக் கொடுத்தால் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். 'சன்ரைஸ்' படத்துக்கு ஃபாக்ஸ் நிறுவனம் மூவிடோன் முறையில் இசையையும் சில ஒலிகளையும் ஃபிலிமிலேயே பதிந்து வெளியிட்டது. கடைசிப் பகுதியில் புயலில் படகு கவிழ்ந்து மனைவி காணாமல் போய்விடுவாள். கணவன் இருட்டில் ஏரியின் மேல் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே தேடுவான். அந்தக் கூப்பாடு மனிதக் குரலாக வராது, பிரெஞ்சு ஹார்ன் என்ற வாத்தியம் அவன் வாயசைவோடு சேர்ந்து அலறும். குரலாகவே வந்திருந்தால் இத்தனை காலம் கழித்து இப்படி வயிற்றைப் பிசையுமா, தெரியவில்லை. நல்ல வேளையாக அந்த இடம் வருவதற்குள் வால்யூம் திரும்பி வந்துவிட்டது.

சரி, சொல்லுக்கு வருவோம். இந்தப் படங்கள் வந்த காலத்தில் இவற்றுக்கு இப்படி ஒரு அடைமொழியே கிடையாது, வெறும் படம்தான். நம் ஊரில் பயாஸ்கோப்பு என்றார்கள், சலனப்படம் என்றார்கள். சலனம் என்றால் அசைவு, அவ்வளவுதான். இப்போது சிலர் 'சலனப்படம்' என்பதையே சத்தமில்லாத படத்துக்கான பெயராக எழுதுகிறார்கள், எந்தப் படம் அசையவில்லையாம்? 1927 அக்டோபரில் அமெரிக்காவில் 'தி ஜாஸ் சிங்கர்' வந்து, 1931 அக்டோபர் 31இல் இங்கே 'காளிதாஸ்' வந்து (அது தமிழோடு தெலுங்கும் பேசியது, அது வேறு கதை), அவற்றுக்குப் பேசும் படம் என்று பெயர் விழுந்த பிறகுதான் பழையதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. செல்போன் வந்த பிறகு வீட்டில் இருந்த போன் லேண்ட்லைன் ஆன மாதிரி. பேசும் படம் வந்ததால் பழையது பேசாப்படம். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. பேசா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், 'ஓடாக் குதிரை' போல. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஆனால் நாம் ஊமையைப் பிடித்துக்கொண்டோம்.

ஊமை நல்ல தமிழ்ச் சொல்தான், அதில் தகராறு இல்லை. சங்கப் பாட்டிலேயே ஊமன் இருக்கிறான். குறுந்தொகை 58இல் வெள்ளிவீதியார் பாடுகிறார்: வெயில் காயும் பாறையில் வெண்ணெய் வைத்திருக்கிறது, காவலுக்கு இருப்பவனுக்குக் கையும் இல்லை, வாயும் இல்லை, எடுத்து நகர்த்தவும் முடியாது, யாரையும் கூப்பிடவும் முடியாது, கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறான், வெண்ணெய் உருகிப் பரவுகிறது. காதல் நோய் அப்படி என்கிறான் தலைவன். இதைவிட ஊமை என்ற சொல்லின் பொருளை யாரும் சொல்லிவிட முடியாது. உள்ளே இருக்கிறது, வெளியே வர வழியில்லை. பேச்சுத் தமிழில் அந்தச் சொல் எங்கெல்லாம் ஒட்டுகிறதோ அங்கெல்லாம் இதே பொருள்தான். ஊமைக்காயம் என்றால் வெளியே தெரியாத அடி. ஊமை வெயில் என்றால் சூரியன் மேகத்துக்குப் பின்னால் இருந்துகொண்டு புழுக்குவது. ஊமை கண்ட கனவு, கேட்கவே வேண்டாம்.

இப்போது அந்தப் படங்களில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். 1926இல் எடுத்த 'ஃப்ளெஷ் அண்ட் த டெவில்', கிரேட்டா கார்போவும் ஜான் கில்பர்ட்டும். இரவு, தோட்டம். அவள் தன் உதட்டில் இருக்கும் சிகரெட்டை எடுத்து அவன் உதட்டில் வைக்கிறாள். அவன் தீக்குச்சி உரசுகிறான், இரண்டு முகமும் அந்த வெளிச்சத்தில் மட்டும் தெரிகிறது, அவள் குச்சியை ஊதி அணைக்கிறாள். இதில் எது உள்ளே அடங்கிக் கிடக்கிறது? எல்லாமே வெளியே வந்துவிட்டது, சொல்லப்போனால் பக்கத்து வீட்டுக்காரர்வரை வந்துவிட்டது. அந்தக் காலத்து நடிப்பை மிகை என்று குறை சொல்கிறவர்களும் அதே ஆட்களை ஊமை என்று சொல்கிறார்கள், இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்ல முடிகிறது என்று எனக்குப் புரியவில்லை. இந்தக் காதல் படங்கள் இன்றைக்கும் செல்லுபடியாவதற்குக் காரணமே அதுதான். பழைய பேசும் படங்களில் வசனம்தான் முதலில் நரைக்கிறது. 'பிராணநாதா' என்று யாராவது உருகினால் இன்று சிரித்துவிடுவோம். ஊதி அணைத்த தீக்குச்சிக்கு வயதாகவில்லை. கண்ணொடு கண் நோக்கும் குறளை இந்த இடத்தில் எல்லோரும் இழுப்பார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

அப்புறம், அந்தப் படங்களில் வருகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பதே இல்லை. ஓயாமல் பேசுகிறார்கள், நமக்குத்தான் கேட்கவில்லை. ஆக ஊமை அவர்கள் அல்ல, குறை நம் காதுப் பக்கம். நிஜமாகவே காது கேளாதவர்களுக்கோ அதுதான் பொற்காலம், மற்றவர்களோடு சரிசமமாகக் கொட்டகையில் உட்கார்ந்து, வசனத்துக்காகப் படத்தின் நடுவில் காட்டும் எழுத்து அட்டையைப் படித்து, உதட்டையும் படித்துப் பார்த்தார்கள். பேச்சு வந்ததும் அவர்கள் வெளியே நிற்க வேண்டியதாயிற்று. 1931இல் வந்த சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' ஒரு சிலைத் திறப்பு விழாவோடு தொடங்குகிறது. அதில் சிற்பியாக வருகிறவர் கிரான்வில் ரெட்மண்ட், நிஜ வாழ்க்கையில் ஓவியர், காது கேளாதவர். அதே காட்சியில் மேடையில் பேசும் பெரிய மனிதர்களின் வாயிலிருந்து பேச்சுக்குப் பதில் பீப்பீ என்று ஒரு கீச்சொலிதான் வருகிறது. பேசும் படத்தை சாப்ளின் கிண்டலடித்த லட்சணம் அது. இந்தப் படத்தை ஊமைப்படம் என்று சொல்லும்போது நாம் யாரை ஊமை என்கிறோம்? வாய் பேச இயலாதவர்களைக் குறிக்கவே இன்று தயங்கும் ஒரு சொல்லைப் படத்தின் மேல் ஒட்டுவதில் மட்டும் ஏன் கூச்சமில்லை?

பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மன்காரர்களும் ஸ்பானியர்களும் அவரவர் மொழியில் ஊமை என்றுதானே சொல்கிறார்கள் என்று ஒரு நண்பர் மடக்கினார். இந்திக்காரர்களும் 'மூக்' என்கிறார்கள், தெரியும். சொல்லட்டுமே. ஜப்பானியர்கள் குரலில்லாப் படம் என்கிறார்கள், அவர்கள்தான் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். திரைக்குப் பக்கத்தில் 'பென்ஷி' என்ற கதைசொல்லி நின்று எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்த ஊர் அது. நம் கொட்டகைகளிலும் எழுத்து வந்தால் உரக்கப் படித்துச் சொல்ல ஆள் இருந்தது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு 'ஒலியற்ற படம்' என்று ஒருவர் புதுச்சொல் செய்திருக்கிறார், அது ஊமையைவிட மோசம். பியானோ, ஆர்கன், பெரிய ஊர்களில் முழு வாத்தியக் குழு என்று சத்தத்துக்குக் குறைவே இருந்ததில்லை. இல்லாதது ஒன்றே ஒன்று, பதிவான பேச்சு.

மௌனப்படம்? காதுக்கு இதமாக இருக்கிறது, வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. என் சிக்கல் வேறு. மௌனம் முனிவனின் செயல், பேச முடிந்தவன் பேசாமல் இருப்பது. 1926இல் யாரும் மௌனம் சாதிக்கவில்லை, பேச்சைப் பதிந்து ஊர் ஊராகக் கொட்டகைகளில் ஓட்டும் ஏற்பாடு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். பேச்சு வந்து மூன்று வருடம் ஆன பிறகும் வேண்டாம் என்று முடிவெடுத்து சாப்ளின் 'சிட்டி லைட்ஸ்' படத்தை வெளியிட்டாரே, அது மௌனப்படம். கார்க் கதவு சாத்தும் சத்தத்தைக் கேட்டுத்தான் பார்வையற்ற பூக்காரப் பெண் நாடோடியாக வரும் சாப்ளினைப் பணக்காரன் என்று நினைக்கிறாள். நாம் கேட்காத ஒரு சத்தத்தின் மேல் மொத்தக் காதலும் நிற்கிறது. 1987இல் கமல் நடித்து வசனமே இல்லாமல் வந்த படமும் அந்த வகைதான், அதற்குத் தமிழில் வைத்த பெயர் 'பேசும் படம்'. அந்தக் குறும்பு புரிய வேண்டுமானால் பேசாப்படம் என்ற சொல் மனதில் இருக்க வேண்டும். பேசா என்றதும் விக்கிரமாதித்தன் கதையின் பேசாமடந்தை நினைவுக்கு வந்தாலும் நல்லதே, அவளும் ஊமை இல்லை.

மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றியும் கொஞ்சம் புலம்பிவிடுகிறேன். நடுவில் வரும் எழுத்து அட்டையைத் 'துணைத்தலைப்பு' என்கிறார்கள், 'இடைத்தலைப்பு' என்கிறார்கள். அது எதற்குத் தலைப்பு? எழுத்து அட்டை என்றால் போதாதா? 'சன்ரைஸ்' படத்தில் நகரத்துக்காரி, உன் மனைவி நீரில் மூழ்கிவிட்டால் என்ன என்று அவன் காதில் ஓதும்போது, அட்டையில் அந்த எழுத்துகளே கரைந்து வழிந்து கீழே மூழ்கும். அன்று போட்ட பிரதியில் அதன் மேலேயே கெட்டி மஞ்சள் எழுத்தில் "அவள் நீரில் அமிழ்த்தப்பட இயலாதா?" என்று தமிழ் வரி. மூழ்க வேண்டியது மூழ்கியது, செயப்பாட்டுவினை மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

இதையெல்லாம் கொஞ்சம் சுருக்கி அமைப்பாளருக்கு எழுதி அனுப்பினேன். மிகவும் மரியாதையாக நன்றி சொன்னார், இனி திருத்திக்கொள்கிறோம் என்றார். இந்த மாத அழைப்பு நேற்று வந்தது, 'சிட்டி லைட்ஸ்' போடுகிறார்கள். "அமைதிப்படக் காலத்துக் காதல் காவியம்" என்று இருக்கிறது. வால்யூமை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன்.