4.8-ல் கேம் ஓடுகிறது, கணக்கு சரியா?

திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார். செகண்ட் ஹேண்டில் ஐ5-2500கே பிராசசர் ஒன்று கிடைத்ததாம். 3.3 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியதை 4.8 வரை ஏற்றிவிட்டார். "கேம் எல்லாம் அருமையா ஓடுது சார். பெரிய ஜிப் ஃபைலைப் பிரிச்சா மட்டும் சில நாள் 'ஃபைல் கெட்டுப்போச்சு'ன்னு சொல்லுது. மறுபடி பிரிச்சா சரியா வருது. ஹார்ட் டிஸ்க் போகப்போகுதா?"

ஹார்ட் டிஸ்க்கை இப்போதைக்கு விடுங்கள் தம்பி. அதே ஃபைல் ஒருமுறை கெட்டும் மறுமுறை நன்றாகவும் வருகிறது என்றால், எனக்கு முதல் சந்தேகம் பிராசசர் மேல்தான். அது எப்போதாவது கணக்கைத் தப்பாகப் போடுகிறது.

உங்கள் கையில் இருப்பது 2011 ஜனவரியில் வந்த சிப். ஓவர்கிளாக் செய்பவர்கள், அதாவது சிப்பை அதற்குக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுபவர்கள், இன்றும் பாசத்தோடு பேசும் சிப். மதர்போர்டு தருவது 100 மெகாஹெர்ட்ஸ். அதை 33-ஆல் பெருக்கினால் 3.3 கிகாஹெர்ட்ஸ். பெயரின் கடைசியில் 'கே' இருப்பதால் அந்த 33-ஐ நாமே மாற்றிக்கொள்ளலாம், பி67, இசட்68 மாதிரியான போர்டு இருந்தால். 1998-ல் வந்த செலரான் 300ஏ என்ற சிப்பில் இந்தப் பெருக்கும் எண்ணைத் தொட முடியாது. அதனால் ஆட்கள் மதர்போர்டு தரும் 66 மெகாஹெர்ட்ஸையே 100 ஆக்கி, 300-ஐ 450 ஆக ஓட்டினார்கள். எண்ணை மாற்றுவதில் வித்தை ஒன்றும் இல்லை. மாற்றிய பிறகு சிப்புக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

கான்கிரீட் தளம் போடும் நாளில் பார்த்திருப்பீர்கள். கலவை மெஷினிலிருந்து மாடி வரை சாரத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். சட்டி கைமாறிக் கைமாறி மேலே போகும். மேஸ்திரி கை தட்டுகிறார், ஒவ்வொரு தட்டுக்கும் சட்டி ஒரு கை மாற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவர் தட்டும் வேகத்தைக் கூட்டினால் முதலில் தடுமாறுவது யார்? சாரத்தின் மூலையில் ஒரு கையால் கம்பைப் பிடித்துக்கொண்டு எட்டி வாங்குகிறாரே, அவர். மற்ற இருபது பேர் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் வரிசையின் வேகம் அவர் வேகம்தான்.

சிப்புக்குள்ளும் அப்படித்தான். மேஸ்திரியின் கைத்தட்டுதான் இங்கே கிளாக்கின் துடிப்பு. ஒரு துடிப்பில் ஒரு தேக்கியிலிருந்து (மதிப்பைப் பிடித்து வைக்கும் இடம்) கிளம்பும் சிக்னல், நடுவில் உள்ள டிரான்சிஸ்டர்களை வரிசையாகக் கடந்து, அடுத்த துடிப்புக்குள் அடுத்த தேக்கியில் போய் நிலைத்து நிற்க வேண்டும். 4.5 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.22 நானோவினாடி. அந்த நேரத்தில் ஒளியே ஆறரை சென்டிமீட்டர் சொச்சம்தான் போகும், ஓர் ஆள்காட்டி விரல் நீளம். சிக்னல் வந்து சேரும் முன் துடிப்பு விழுந்துவிட்டால் தேக்கி காத்திருக்காது. பழைய மதிப்பு எதுவோ, அதையே பிடித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். மணி அடிக்காது, சிவப்பு விளக்கு எரியாது.

இதில் ஒரு வேடிக்கை. எல்லாக் கணக்குக்கும் ஒரே நேரம் ஆவதில்லை. 123-உடன் 456-ஐக் கூட்டிப் பாருங்கள், ஒவ்வொரு இலக்கமும் தன்பாட்டுக்கு முடிந்துவிடும். 9,99,999-உடன் 1-ஐக் கூட்டினால்? பூஜ்யம் போட்டு மனசுல ஒண்ணு, பூஜ்யம் போட்டு மனசுல ஒண்ணு என்று அந்த ஒன்று கடைசி இலக்கம் வரை ஓட வேண்டும். சிப்பில் இதற்குக் குறுக்குவழிகள் உண்டு என்றாலும், சில எண்களுக்கு நீண்ட பாதை, சில எண்களுக்குக் குட்டிப் பாதை என்பது மாறாது. துடிப்பைச் சற்றே அதிகமாக வேகப்படுத்திய சிப், கோடிக்கணக்கான கணக்குகளைச் சரியாகப் போட்டுவிட்டு, நீளமான பாதையில் ஓட வேண்டிய ஏதோ ஒன்றில் மட்டும் சறுக்கும். கேமில் அந்தச் சறுக்கல் ஒரு புல்லின் நிறமாக வந்து போய்விடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஜிப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும், அதன் எல்லாப் பைட்டுகளையும் வைத்துக் கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண் இருக்கிறது. அது மாட்டிக்கொடுத்துவிடுகிறது.

சரி, மூலையில் நிற்பவரை எப்படி வேகப்படுத்துவது? வோல்டேஜ். ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் அடுத்ததைத் தட்டி எழுப்ப, அதன் வாசலில் கொஞ்சம் மின்னேற்றத்தை நிரப்ப வேண்டும். மாடித் தொட்டியை உயர்த்தி வைத்தால் கீழே வாளி சீக்கிரம் நிறைகிற மாதிரி, வோல்டேஜைக் கூட்டினால் மின்னோட்டம் கூடி வாசல் சீக்கிரம் நிறையும். ஆனால் இந்த வாளியை நிரப்பிக் கொட்டி, நிரப்பிக் கொட்டியே வேலை நடக்கிறது. கொட்டுகிற தண்ணீர் அளவும் கூடுகிறது, விழுகிற உயரமும் கூடுகிறது. அதனால்தான் வெப்பம் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 1.2 வோல்ட்டில் 3.3-ல் ஓடும் சிப்பை 1.35 வோல்ட் கொடுத்து 4.5-க்கு ஏற்றினால் வேகம் 36 சதவீதம் கூடும், வெப்பமோ சுமார் 73 சதவீதம். காகிதத்தில் போட்டுப் பாருங்கள், சின்னப் பெருக்கல்தான்.

மார்கழியில் மதுரையில் நான் ஒரு மெஷினை 4.6-ல் செட் செய்து, சோதனையெல்லாம் பாஸ் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். சித்திரை வந்ததும் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஹேங் ஆக ஆரம்பித்தது. அறை 10 டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய 10 டிகிரி ஏறும். சூடான சிப்பில் எலக்ட்ரான் ஓட்டம் தடுமாறும், கசிவு மின்னோட்டம் கூடும், அந்தக் கசிவு இன்னும் சூட்டைக் கிளப்பும். நம் ஊரில் ஓவர்கிளாக்கை மே மாதத்தில் சோதித்துப் பார்க்காதவரை அது முடிந்த கதை இல்லை.

நிலைத்து நிற்கிறதா என்று சோதிக்கப் பலரும் ஓட்டுவது பிரைம்95. மிகப் பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட மென்பொருள் அது. பல லட்சம் இலக்க எண்களைப் பெருக்குவதற்கு, எண்ணைத் துண்டு துண்டாக்கித் தசம எண்களாக மாற்றி ஒரு சுற்றுவழியில் பெருக்குகிறது. முடிவில் எல்லாத் துண்டும் முழு எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். 7.0003 வந்தால் 7. 7.5 வந்தால்? 7-ஆ, 8-ஆ? எங்கோ சிப் சறுக்கியிருக்கிறது. ஒரு ராத்திரி இரண்டரை மணிக்கு எழுந்து பார்த்தேன். பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் நான்கு கோரில் மூன்று ஓடிக்கொண்டிருந்தன, நான்காவதின் ஜன்னலில் ஒரே ஒரு வரி: ரவுண்டிங் 0.5, எதிர்பார்த்தது 0.4-க்குக் கீழ். மெஷின் தொங்கவில்லை, ப்ளூ ஸ்கிரீன் இல்லை. அந்த வரி மட்டும் இல்லையென்றால் மறுநாள் அதில்தான் வருமான வரிக் கணக்கு போட்டிருப்பேன்.

"ராசியான சிப் அமையணும் சார்" என்பார்கள். ஆயுத பூஜைக்கு கேபினெட்டுக்குப் பொட்டு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, குங்குமம் ஃபேனுக்குள் போகாத வரை. ராசி என்பதற்கு மட்டும் வேறு பெயர் உண்டு. ஒரே வேஃபரில் (சிலிக்கான் வட்டத் தகடு) வெட்டிய இரண்டு சிப்பில்கூட டிரான்சிஸ்டர்களின் அளவு மயிரிழையில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு மாறும். அதனால் மூலையில் நிற்பவரின் கை ஒன்றில் சற்று நீளம், ஒன்றில் சற்றுக் குட்டை. பக்கத்து வீட்டுக்காரர் 4.8-ல் ஓட்டுகிறார் என்பதால் உங்களுடையதும் ஓட வேண்டும் என்று எந்த நியாயமும் கிடையாது.

வோல்டேஜை அள்ளிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 நல்ல பாடம். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் சில, யாரும் ஓவர்கிளாக் செய்யாமலேயே தள்ளாட ஆரம்பித்தன. சிப்பின் மைக்ரோகோடு, அதாவது அதற்குள்ளேயே இருக்கும் கட்டுப்பாட்டு நிரல், தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டதும் ஒரு காரணம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, வாரன்ட்டியை 2 வருடம் நீட்டியது. தேய்ந்துவிட்ட சிப்பைத் திருத்தம் பழையபடி ஆக்காது.

இனி உங்கள் மெஷின். பயாஸில் (மெஷின் கிளம்பும்போது வரும் செட்டிங் திரை) எல்லாவற்றையும் டிஃபால்ட்டுக்குக் கொண்டுவாருங்கள், ரேமையும் அதன் சாதாரண வேகத்துக்கு. அதே ஜிப்பைப் பத்துத் தடவை பிரியுங்கள். அப்போதும் கெட்டால் நான் சொன்னதெல்லாம் தப்பு, ரேமையும் ஹார்ட் டிஸ்க்கையும் பாருங்கள். கெடவில்லையென்றால் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது வைத்துவிட்டு, பெருக்கும் எண்ணை 40-லிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு எண்ணாக ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரச் சோதனை. சறுக்கினால் 0.02 வோல்ட் கூட்டுங்கள். இந்தச் சிப்பில் தினசரி ஓட்டத்துக்கு நான் 1.35-ஐத் தாண்டமாட்டேன், சூடு 80 டிகிரியைத் தாண்டினாலும் அங்கேயே நிறுத்திவிடுவேன். கடைசியாக நின்ற இடத்திலிருந்து ஓர் எண் குறைத்து, ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். அப்புறம் சும்மா இருக்கும்போதும் கவனியுங்கள். மிக்ஸி போட்டால் லைட் மங்குவது போல, தூங்கிக்கொண்டிருக்கும் கோர்கள் ஒன்றாக எழும்போது வோல்டேஜ் ஒரு நொடிப்பொழுது தாழும். முழு வேகச் சோதனையில் தேறியது யூடியூப் பார்க்கும்போது விழுவது இதனால்தான்.

4.8-ல் இருந்த நாட்களில் அந்த மெஷினில் பிரித்ததும் காப்பி செய்ததும் எவையெவை என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். மூல ஃபைல் கையில் இருந்தால் அவற்றை மறுபடி எடுத்துவிடுங்கள், புராஜெக்ட் ஃபோல்டரிலிருந்து தொடங்கி.