சார்ஜ்: ஏற்றுவதும் சுமத்துவதும்

கொழும்பில் ‘சார்ஜ்’ என்ற சொல் எத்தனை வேடம் போடுகிறது என்று பாருங்கள். போனுக்குச் சார்ஜ் போடுகிறோம். சாப்பாட்டு பில்லின் அடியில் பத்து வீதம் சேவிஸ் சார்ஜ் வந்து நிற்கிறது. பொலிஸ் ஒருவர் மேல் சார்ஜ் ஷீட் போடுகிறது. அந்தப் பொலிஸ் நிலையத்துக்கு இன்சார்ஜ் என்று ஒருவர் இருக்கிறார். வாட்டில் இருந்த மாமா டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வருகிறார். மின்சாரம், காசு, குற்றம், பதவி, ஆஸ்பத்திரி என்று ஒட்டே இல்லாத இடங்களில் ஒரே சொல்.

இவற்றை ஒன்றாகக் கட்டி இழுப்பது ஒரு வண்டி. இன்றைய பிரான்ஸ் இருக்கும் பகுதியில் முன்பு வாழ்ந்த கோல் மக்களின் மொழியில் பார வண்டிக்கு ‘கர்ரோஸ்’ என்று பெயர். உரோமர் அதை ‘கர்ருஸ்’ என்று இலத்தீனுக்குள் எடுத்தார்கள். பிற்கால இலத்தீனில் அதிலிருந்து ‘கர்ரிகாரே’ என்ற வினை பிறந்தது. வண்டியில் பாரம் ஏற்றுதல் என்பது அதன் பொருள். அது பழைய பிரெஞ்சு வழியாக, 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. புறக்கோட்டையில் நாட்டாமிமார் வெங்காய மூடைகளை லொறியிலிருந்து இறக்கிக் கைவண்டியில் அடுக்கி, கயிறு போட்டு இறுக்குகிறார்களே, சார்ஜின் முதற்பொருள் அந்த வேலைதான்.

காரும், சோறு கொண்டுபோகும் கேரியரும், துறைமுகத்துக் கார்கோவும் இதே குடும்பம். பத்திரிகைக் கேலிச்சித்திரத்தை ஆங்கிலத்தில் கேரிகேச்சர் என்கிறோமே, அதுவும் சொந்தக்காரர்தான். அது இத்தாலிய மொழியில் ‘பாரம் ஏற்றுதல்’ என்ற வினையிலிருந்து வந்தது. அரசியல்வாதியின் மூக்கிலும் காதிலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றி வரைவதால் அந்தப் பெயர்.

வண்டியில் ஏற்றிய சுமை பிறகு மனிதர் தலைக்கு ஏறியது. கடமையும் செலவும் பழியும் சுமைதானே. துப்பாக்கியில் மருந்தும் குண்டும் இடுவதற்கும் அதே வினை. அப்புறம் 1740களில் லைடன் சாடி வந்தது; கண்ணாடிச் சாடிக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கருவி அது. பென்ஜமின் பிராங்க்ளின் போன்றவர்கள் அந்தச் சாடியை நிரப்புவதற்கும் இந்தச் சொல்லையே பயன்படுத்தினார்கள். இன்று நாம் பவர் பேங்குக்குச் செய்வதும் அதைத்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஒரே சொல்லால் எல்லாவற்றையும் மூடப் பார்ப்பது வீண் வேலை. ஆனால் இடத்துக்கு இடம் நாம் வைத்திருக்கும் சொற்களைத் தட்டிப் பார்த்தால், பலவற்றுக்குள் இதே சுமை கிடக்கிறது. நம் பெளதிகவியல் பாடநூல்களில் மின்னேற்றம், நேரேற்றம், மறையேற்றம் என்று படித்தோம். தமிழ்நாட்டில் மின்னூட்டம் என்கிறார்கள். ஊட்டுவது அழகான சொல்தான். ஆனாலும் ஏற்றம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஏற்றியது இறங்கவும் வேண்டுமல்லவா? ‘சார்ஜ் இறங்கிட்டு’ என்று பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். ஆகவே போனை மின்னேற்றலாம், சார்ஜரை மின்னேற்றி என்று சொல்லலாம். தமிழ்நாட்டார் ரீசார்ஜ் செய்யும் இடத்தில் நாம் கடையில் ‘ரீலோட்’ போடுகிறோம். அதுவும் திரும்ப ஏற்றுவதுதான்.

புதுக்கடை நீதிமன்றச் செய்திகளில் ‘குற்றம் சுமத்தப்பட்டது’ என்று வாசிக்கிறோம். சுமத்து என்பது சுமக்கச் செய்தல். பிரெஞ்சு வழக்கறிஞர் யாரும் வந்து நமக்குச் சொல்லித்தராமலே அதே உருவகம். குற்றஞ்சாட்டு என்பதைவிட இது சார்ஜுக்கு நெருக்கம். சார்ஜ் ஷீட்டுக்குக் குற்றப்பத்திரிகை என்பது நிலைத்துவிட்டது, அதில் கை வைக்கத் தேவையில்லை.

இன்சார்ஜ் என்பதற்குப் பொறுப்பு. பொலிஸ் நிலையத்து ஓ.ஐ.சி.யை, அதாவது ஒஃபிசர் இன் சார்ஜை, பொறுப்பதிகாரி என்கிறோம். பொறுத்தல் என்றால் தாங்குதல், பழந்தமிழில் பொறை என்றால் பாரம். இதிலும் சுமைதான். ஒரு எச்சரிக்கை: ‘பொறுப்பேற்றார்’ என்பதில் வரும் ஏற்றல் வேறு. அது ‘ஏல்’ என்ற வேரிலிருந்து வந்தது, பெற்றுக்கொள்ளுதல். மின்னேற்றத்தில் வருவது ‘ஏறு’ என்பதன் பிறவினை. இரண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது.

காசு விஷயத்தில் மட்டும் தமிழ் வேறு வழியில் போகிறது. கட்டணம் என்பதில் பாரம் இல்லை. ‘காசு கட்டு’ என்ற பேச்சோடுதான் அது ஒட்டிக்கொள்கிறது. ‘எவ்வளவு சார்ஜ் பண்ணுறீங்க?’ என்று ஓட்டோக்காரரிடம் கேட்பதற்கு ‘எவ்வளவு எடுப்பீங்க?’ என்றாலே போதும். ‘கட்டணம் அறவிடுவீர்களா’ என்று கேட்டால் அவர் நம்மைத் திரும்பிப் பார்ப்பார். அறவிடுதல் அலுவலகக் கடிதத்துக்கு நல்ல சொல், தெருவுக்கு அல்ல.

கடைசியாக டிஸ்சார்ஜ், அதாவது சுமையை இறக்குதல். வழக்கிலிருந்து என்றால் விடுவித்தல், தொழிற்சாலைக் கழிவுநீர் என்றால் வெளியேற்றல். ஆஸ்பத்திரிக்கு மட்டும் அகராதிக்குப் போகவேண்டாம். நோயாளியின் கட்டிலோடு இருக்கும் குறிப்பேட்டை இங்கே டிக்கட் என்பார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர் அதில் எழுதிவிட்டால், ‘மாமாவுக்கு டிக்கட் வெட்டியாச்சு’ என்று வெளியே நிற்பவர்களுக்குச் செய்தி வந்துவிடும்.