ஒன்றரை மணி நேர சவாரிக்கு மூன்று லிட்டர் பை எதற்கு?

வேலூர் பாலமதி மலைக்கு மவுண்டன் பைக் ஓட்டிவிட்டு, கழுத்தைத் திருப்ப முடியாமல் பிசியோதெரபிக்கு வரும் பிள்ளைகள் கூடிக்கொண்டே போகிறார்கள். இந்த வாரம் வந்த பையனும் அப்படித்தான். இப்போதெல்லாம் சைக்கிளைப் பற்றி விசாரிப்பதற்கு முன்பே முதுகுப் பையைக் கொண்டுவரச் சொல்கிறேன். அவன் பைக்குள் 3 லிட்டர் பிளாடர், அதாவது குழாய் வைத்து உறிஞ்சிக் குடிக்கும் தண்ணீர்ப் பை, கழுத்து வரை தண்ணீர். அது போக பம்ப், பவர் பேங்க், மழைக்கோட்டு, பூட்டு. ஓட்டேரிப் பக்கம் ஏறி ஒன்றரை மணி நேரத்தில் வீடு திரும்புகிறவனுக்கு இத்தனை எதற்கு?

"பெருசா வாங்கிட்டா எல்லாத்துக்கும் ஆகும் மேடம்" என்கிறான். ஆகாது தம்பி. 3 லிட்டர் தண்ணீர் என்றால் 3 கிலோ. பாதிதான் நிரப்புவேன் என்று சொல்லித்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். இடம் இருந்தால் கை சும்மா இருப்பதில்லை, எதையாவது திணிக்கும். அப்படியே பாதி நிரப்பினாலும், உள்ளே காற்று இருந்தால் தண்ணீர் அலம்பி, திருப்பங்களில் பையை இப்படியும் அப்படியும் இழுக்கும். உயரமான பையில் இன்னொரு தொல்லை உண்டு. இறக்கத்தில் உடம்பைத் தாழ்த்தித் தலையை நிமிர்த்தும்போது ஹெல்மெட்டின் பின்பக்கம் பையில் இடிக்கும், முன்பக்கம் நெற்றிக்கு இறங்கும். பாதை தெரிய வேண்டுமே என்று கழுத்தை ஒரு மாதிரி பிடித்துக்கொண்டே ஓட்டினால் வலிக்காமல் என்ன செய்யும்? சுண்டுவிரல் மரத்துப்போகிறது என்று வருகிறவர்களையும் நான் பையைக் கழற்றி ஓட்டிப் பார்க்கத்தான் சொல்கிறேன். முதுகில் ஏறும் பாரம் உள்ளங்கையையும் அழுத்தும்.

அதற்காக வெறும் முதுகோடு கிளம்பிவிடாதீர்கள். நம் ஊர் வெயிலும் பாறைச் சூடும் தெரியாததா? கல் பாதையில் குலுங்கும்போது சைக்கிளில் மாட்டிய பாட்டில் கழன்று விழுந்துவிடும், ஒற்றைக் கையில் எடுத்துக் குடிப்பதும் ஆபத்து. குழாயில் உறிஞ்சுவதுதான் நல்லது.

ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு 1.5 லிட்டர் பிளாடரும், ஒரு டியூபும் சின்ன டூல்களும் கொள்ளும் ஒல்லியான பையும் போதும். இடுப்பில் கட்டும் பையும் சரிதான். கடைக்கு ஹெல்மெட்டோடு போங்கள். தண்ணீர் நிரப்பி மாட்டி, குனிந்து தலையை நிமிர்த்துங்கள். இடித்தால் வேண்டாம், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வேண்டாம். மார்புப் பட்டை கட்டாயம் இருக்கட்டும், மூச்சு முட்டாத அளவுக்கு இறுக்குங்கள். நிரப்பிய பிளாடரைத் தலைகீழாகப் பிடித்துக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் அலம்பல் அடங்கும். ஓஆர்எஸ் கலந்தால் அன்றே குழாயோடு கழுவிக் காயப்போடுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

அப்புறம், கோடையில் தயவுசெய்து விடியற்காலையிலேயே கிளம்புங்கள். கூட வந்தவர் தடுமாறி, பேச்சுக் குழறினால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நிழலில் படுக்கவைத்து, பையில் மிச்சமிருக்கும் தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறிவிட்டு, உடனே 108-ஐ அழையுங்கள்.