செல் மூச்சு வாங்குமா?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் நீட் பயிற்சிக்கான பாடக் காணொளி ஒன்றை ஓடவிட்டிருந்தாள். பக்கத்து அறையில் நான் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். "நம் உடலின் ஒவ்வொரு செல்லும் மூச்சு வாங்குகிறது" என்றது ஒரு கணீர்க் குரல். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். தமிழில் மூச்சு வாங்குவது என்றால் என்ன? பரங்கிமலைப் படிகளில் பாதி ஏறியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோமே, அதுதான். செல் எந்தப் படியில் ஏறியது?

முதல் தடவையாக இருந்தால் விட்டிருப்பேன். சில மாதங்களுக்கு முன் ஓர் அறிவியல் கையேட்டில் 'செல்லுலார் ரெஸ்பிரேஷன்' என்பதை, அதாவது செல் உணவை உடைத்து ஆற்றல் எடுப்பதை, 'செல் உயிர்ப்பு' என்று நான் மொழிபெயர்த்துக் கொடுத்தது, அச்சில் எல்லா இடத்திலும் 'செல் மூச்சு' ஆகியிருந்தது. கேட்டதற்கு, "மக்களுக்குப் புரியணும் சார்" என்றார்கள். அப்புறம் மயிலாப்பூரில் ஒரு கூட்டத்தில் 'உயிரணு மூச்சுவிடல்' என்று ஒருவர் பேச, கைதட்டலும் விழுந்தது. இப்போது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

சொல்லின் பிறப்பை வேகமாகப் பார்த்துவிடலாம். ரெஸ்பிரேஷன் லத்தீனிலிருந்து வந்தது. 'ஸ்பிராரே' என்றால் மூச்சுவிடுதல், 'ரே' என்றால் மறுபடி. ஆக, அதுவும் நுரையீரலில் பிறந்த சொல்தான். 1780களில் பாரிஸில் வேதியியலாளர் லவாய்சியரும் கணிதவியலாளர் லாப்லாஸும் பனிக்கட்டி சூழ்ந்த ஒரு பாத்திரத்துக்குள் சீமைப்பெருச்சாளியை (கினிப் பன்றி) வைத்து, அதன் உடற்சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். கரி எரிவதோடு அதை ஒப்பிட்டு, இதுவும் மெதுவாக நடக்கும் எரிதலே என்று முடிவு செய்தார்கள். அந்த எரிதல் நடக்கும் இடம் நுரையீரல் அல்ல, திசுக்கள் என்பது அடுத்த நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. வினை செல்லுக்குள் போனது, பழைய பெயரும் கூடவே போனது. மூச்சுக்கு 'பிரீதிங்' என்று தனிச்சொல் இருப்பதால் ஆங்கிலக்காரர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்கள்.

நம்மிடம் சுவாசம் இருக்கிறது. வடமொழி 'ஸ்வாஸ'. பாடநூலிலும் சுவாசித்தல்தான். அது வடசொல் என்பதால் எனக்குச் சண்டை இல்லை. ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கும் சொல் என்பதுதான் சிக்கல். சுவாசக் கோளாறு, செயற்கைச் சுவாசம் எல்லாமே மூக்கும் நெஞ்சும் சம்பந்தப்பட்டவை. செல்லுக்கு மூக்கு கிடையாது.

செல்லுக்குள் நடப்பதைப் பாருங்கள். ஆறு கார்பன் கொண்ட குளுக்கோஸ், செல்லை நிரப்பியிருக்கும் கூழான சைட்டோபிளாசத்தில் மூன்று கார்பன் கொண்ட இரண்டு பைருவேட்டாக உடைகிறது. கைச்செலவு போக, செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி 2 மிச்சம். இந்தக் கட்டத்தில் ஆக்சிஜனே தேவையில்லை. பைருவேட், மைட்டோகாண்ட்ரியா என்ற செல்லின் உள்ளுறுப்புக்குள் போய், 1937இல் ஹான்ஸ் கிரெப்ஸ் கண்டறிந்த சுழற்சியில் சிக்கி, அதன் கார்பனெல்லாம் கார்பன் டை ஆக்சைடாகக் கழன்றுவிடுகிறது. பிரித்தெடுத்த எலக்ட்ரான்கள் உள்சவ்வில் கைமாறிக் கைமாறி இறங்குகின்றன. அந்த இறக்கத்தில் கிடைக்கும் ஆற்றலால் புரோட்டான்கள் சவ்வின் ஒரு பக்கம் குவிகின்றன. அவை திரும்பிப் பாயும் வேகத்தில் ஒரு நொதி பம்பரம்போலச் சுழன்று ஏடிபியை உருவாக்குகிறது. வரிசையின் கடைசியில் நின்று எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்வது மட்டுமே ஆக்சிஜனின் வேலை. வாங்கிக்கொண்டு தண்ணீராகிவிடும். ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபி என்று நாங்கள் மனப்பாடம் செய்தோம், இப்போதைய கணக்கு 30 முதல் 32 வரை. 180 கிராம் குளுக்கோஸை நெருப்பில் போட்டால் ஏறக்குறைய 686 கிலோகலோரி ஒரே மூச்சில் வெளியேறிவிடும் (பாருங்கள், எனக்கே மூச்சு வந்துவிட்டது). செல் அதையே சில்லறையாக மாற்றிச் செலவழிக்கிறது.

அந்தச் சில்லறையான ஏடிபியை 1929இல் தசையிலிருந்து பிரித்துக் காட்டியவர்களில் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளி, மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி என்று இந்த ஊரில் படித்தவர். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு செல்லுக்கு மூச்சிரைக்க வைக்கிறோம்.

சரி, மூச்சு என்று சொன்னால் என்ன குடிமுழுகிவிடும்? சயனைடை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த விஷம் எலக்ட்ரான் வரிசையின் கடைசிப்படியில் இருக்கும் நொதியைப் பூட்டிவிடுகிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, காற்று உள்ளே போகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கிறது. செல்லால்தான் அதைப் பயன்படுத்த முடியவில்லை. இதை மூச்சுக்கட்சிக்காரர் எப்படி எழுதுவார்? 'மூச்சு நடக்கிறது, ஆனால் மூச்சு நடக்கவில்லை' என்றா? மூச்சு நடக்கிறது, உயிர்ப்பு நின்றுவிட்டது என்று நான் எழுதுவேன். பள்ளிப்பிள்ளைக்கும் விளங்கும்.

அடுத்தது 'காற்றில்லா' விவகாரம். ஆக்சிஜன் இல்லாமல் நடக்கும் 'அனேரோபிக் ரெஸ்பிரேஷனை'க் காற்றில்லா சுவாசம் என்பதே கொஞ்சம் இடறும். சுவாசத்தை எடுத்துவிட்டு மூச்சை வைத்தால் 'காற்றில்லா மூச்சு'. மெரினாவில் சுண்டல் விற்பவரிடம் சொன்னால்கூடச் சிரிப்பார். காற்று இல்லாத மூச்சுக்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறது, அது சாவு. பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்டர் 1860களில் 'அனேரோபி' என்ற சொல்லை உண்டாக்கியபோது, அதில் 'ஏர்' என்ற காற்றோடு 'பயோஸ்' என்ற உயிர்வாழ்வையும் சேர்த்தே வைத்தார். காற்றின்றி வாழ்வது என்று பொருள். நம்மவர்கள் காற்றைப் பிடித்துக்கொண்டு வாழ்வை விட்டுவிட்டார்கள். இலங்கைத் தமிழர்கள் 'காற்றின்றிவாழ்' என்று எழுதுகிறார்கள். அவர்கள் கைவிடவில்லை.

இதில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. இட்லி மாவு பொங்குவதைக் காற்றில்லா சுவாசத்துக்கு உதாரணமாகச் சொல்லித்தருகிறார்கள். அது நொதித்தல். மாவில் உள்ள பாக்டீரியாக்கள் வெளியிலிருந்து எதையும் வாங்காமல், உடைந்த சர்க்கரைத் துண்டின் தலையிலேயே எலக்ட்ரான்களைக் கட்டிவிடுகின்றன. கறாரான பொருளில் காற்றில்லா உயிர்ப்பு வேண்டுமானால் கூவத்துக்குப் போங்கள். அடிச்சேற்றில் ஆக்சிஜன் இல்லை. அங்குள்ள சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் சல்பேட்டிடம் எலக்ட்ரான்களைக் கொடுத்து, ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகின்றன. பாலத்தைக் கடக்கையில் நாம் மூக்கைப் பொத்துவது அந்த அழுகிய முட்டை வாடைக்காகத்தான். அவை உயிர்க்கின்றன, நாம் மூச்சை அடக்குகிறோம். இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்பவர் ஒரு நாள் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் நடந்து பார்க்கட்டும்.

உயிர்ப்புக்கு எதிராக என் மேல் எறியக்கூடிய கற்களையும் நானே எடுத்துத் தருகிறேன். உயிர்த்தல் என்றாலும் பழந்தமிழில் மூச்சுவிடுதல்தான். நெட்டுயிர்ப்பு என்றால் பெருமூச்சு. எலிகள் கடல்போலத் திரண்டு இரைந்தாலும் 'நாகம் உயிர்ப்பக் கெடும்' என்கிறது 763ஆம் குறள், அந்த 'உயிர்ப்ப' பாம்பின் மூச்சு. உண்மை. ஆனால் இன்று தியாகராய நகரில் யாராவது 'மூக்கடைப்பு, சரியாக உயிர்க்க முடியவில்லை' என்று டாக்டரிடம் சொல்கிறார்களா? அந்தப் பொருள் பேச்சிலிருந்து எழுந்து போய்விட்டது, இருக்கை காலி. வேரில் 'உயிர்' மட்டும் மிச்சம் இருக்கிறது. இந்த வேலைக்கு அதைவிட வேறென்ன தகுதி வேண்டும்? சாந்தோம் பக்கம் உயிர்ப்பு என்றால் ஈஸ்டர்தானே என்று கேட்கலாம். விழாவையும் வேதியியலையும் யாரும் குழப்பிக்கொள்ளப் போவதில்லை. 'உயிர்ப்புள்ள எழுத்து' என்று விமர்சகர்கள் எழுதுவதும் அப்படித்தான்.

உண்மையில் எனக்குக் கோபம் 'மக்களுக்குப் புரியணும்' என்ற வாக்கியத்தின் மேல்தான். புரிவது வேறு, பழகியதாகத் தோன்றுவது வேறு. மூச்சு என்றதும் வாசகர் தலையாட்டுவார், தவறாகப் புரிந்துகொண்டு. இதே ஆட்கள்தான் மைட்டோகாண்ட்ரியாவைச் 'செல்லின் மின் நிலையம்' என்று எழுதி எண்ணூர்ப் புகைபோக்கியை நினைவூட்டுவார்கள். கிரேக்கத்தில் 'மைட்டோஸ்' இழை, 'காண்ட்ரியான்' சிறுமணி. இலங்கையில் அதை இழைமணி என்றார்கள். நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்குத் தெரிந்த உருவம் அது. சென்னையில் அதைச் சொன்னால் 'அது யாருக்குத் தெரியும்' என்கிறார்கள். மைட்டோகாண்ட்ரியா மட்டும் பிறக்கும்போதே தெரிந்த சொல்லா?

இதையெல்லாம் அன்று அக்கா மகளிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ மூச்சை அடக்கினா, உடனே உயிர்ப்பு நின்னுடாதுல்ல மாமா?" என்றாள். நிற்காது, ரத்தத்திலும் தசையிலும் கொஞ்சம் ஆக்சிஜன் கையிருப்பு இருக்கும், அது தீரும்வரை ஓடும் என்றேன். இரண்டு சொல் இருந்ததால் கேட்க முடிந்த கேள்வி அது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

"தேர்வில் என்ன எழுத?" என்றாள் அடுத்து.

சுவாசித்தல் என்றே எழுதச் சொன்னேன்.