சார்ஜர் ஓடுது, பேட்டரி மட்டும் ஏறவில்லையா?

குடியாத்தத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "சார், சார்ஜர் போட்டா என் டெல் லேப்டாப் ஓடுது, ஆனா பேட்டரி 34 சதவீதத்துலயே நிக்குது. வேலூர்ல ஒரு கடையில மீட்டர் வச்சுப் பாத்தாங்க. 19.5 வோல்ட் சரியா வருது, பேட்டரிதான் போச்சு, மாத்திடுங்கன்னு சொல்றாங்க. மாத்தலாமா?"

இப்போதைக்கு வேண்டாம்மா. முதலில் சூடு. லேப்டாப் பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் அயான் செல்லின் வெப்பம் சுமார் 45 டிகிரியைத் தாண்டினால் சார்ஜ் செய்யும் சர்க்யூட் தானாகவே நிறுத்திக்கொள்ளும், அது பாதுகாப்புக்காக. நம்மூர் கத்திரி வெயிலில், மெத்தை மேல் வைத்து வேலை பார்த்தால், அந்த 45-ஐத் தொடுவது பெரிய விஷயமே இல்லை. அணைத்து ஃபேனுக்கு அடியில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் பாருங்கள். (80 சதவீதத்தில் நிற்கிறது என்று கேட்பவர்களுக்கு: அது பழுதில்லை, பேட்டரி ஆயுளுக்காக வைத்திருக்கும் செட்டிங்.) சூடு இல்லை என்றால் என் சந்தேகம் சார்ஜரின் நடுப் பின் மேல்தான்.

டெல் லேப்டாப்களின் உருண்டை முனை சார்ஜரை எடுத்து உள்ளே எட்டிப் பாருங்கள். உருளையின் வெளிச்சுவர் ஒரு முனை, உட்சுவர் இன்னொரு முனை, 19.5 வோல்ட் இந்த இரண்டுக்கும் இடையில்தான். அப்படியானால் நடுவில் ஊசி போல நிற்கிறதே, அது எதற்கு? பேசுவதற்கு! சார்ஜருக்குள் ஒரு குட்டி நினைவகச் சிப் இருக்கிறது, அதில் "நான் 90 வாட், 19.5 வோல்ட், 4.6 ஆம்பியர்" என்கிற விவரம் எழுத்தாகவே பதிந்திருக்கிறது. லேப்டாப் அதைப் படித்த பிறகுதான் பேட்டரிக்கு மின்சாரம் விடும்.

எனக்குப் பிடித்ததே அது பேசும் விதம்தான். டாலஸ் செமிகண்டக்டர் நிறுவனம் உருவாக்கிய ஒன்-வயர் முறை இது, பெயருக்கேற்ப ஒரே கம்பி, கூடவே பொதுவான எர்த் கம்பி, அவ்வளவுதான். லேப்டாப் அந்தக் கம்பியில் ஒரு சின்ன வோல்டேஜை வைத்திருக்கும், பிறகு அதைக் குறைந்தது 480 மைக்ரோ நொடிக்குக் கீழே இழுத்துப் பிடித்துவிட்டு விடும். "யாராவது இருக்கீங்களா?" என்று அர்த்தம். சிப் ஒரு கணம் பொறுத்து, தானும் கம்பியைக் கீழே இழுக்கும், "இருக்கேன்". அப்புறம் ஒவ்வொரு பிட்டாக, அதாவது 0-வா 1-ஆ என்று, கேள்வி. லேப்டாப் ஒரு சின்ன இழுப்பு இழுத்து விட, சிப் சொல்ல வேண்டியது 0 என்றால் இன்னும் கொஞ்ச நேரம் கீழேயே பிடித்துக்கொள்ளும், 1 என்றால் விட்டுவிடும். சரி, இதற்கெல்லாம் சிப்புக்கு மின்சாரம் எங்கிருந்து? தனியாக இல்லை! கம்பியில் வோல்டேஜ் இருக்கும் நேரத்தில் உள்ளே ஒரு நுண்ணிய கெப்பாசிட்டரை நிரப்பிக்கொண்டு, கம்பி கீழே போகும்போது அதை வைத்தே சமாளிக்கிறது, கிணற்றில் முங்குகிறவர் மூச்சை இழுத்துக்கொண்டு போவது மாதிரி. கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண்ணும் வரும், அது ஒத்துப்போகாவிட்டால் படித்ததை நம்பக் கூடாது.

படிக்க முடியவில்லை என்றால்? இது 45 வாட்டா 90 வாட்டா என்று லேப்டாப்புக்குத் தெரியாது. சின்ன அடாப்டரிடம் பெரிய வேலை வாங்கினால் அது சூடாகிச் சாகும். அதனால் பயந்துகொண்டு பேட்டரி சார்ஜை நிறுத்திவிடும், பிராசசர் வேகத்தையும் குறைத்துவிடும். உங்கள் லேப்டாப் சமீபமாக மந்தமாகவும் இருக்கிறதா, கவனியுங்கள்.

கடைக்காரரின் மீட்டர் பொய் சொல்லவில்லை, ஆனால் அது அளந்தது 19.5 வோல்ட்டை மட்டும், இந்தப் பேச்சை அது கேட்காது. நடுப் பின்னுக்குப் போகும் கம்பி மற்றதைவிட மெல்லியது, ஒயரை அடாப்டரில் இறுக்கிச் சுற்றிச் சுற்றி முனைக்குப் பக்கத்தில் உள்ளுக்குள்ளேயே அறுந்துபோகும், வெளியே ஒன்றும் தெரியாது. மலிவான டூப்ளிகேட் சார்ஜர் சிலவற்றில் சிப்பே இருக்காது. ஆயுத பூஜைக்கு லேப்டாப்புக்குப் பொட்டு வைக்கிறேன் என்று சார்ஜர் செருகும் ஓட்டைக்குள்ளும் சந்தனம் போனால் அதுவும் போதும். மூடி மேல் வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

சோதனை சுலபம். ஆன் செய்யும்போது எஃப்2 அழுத்தி பயாஸ் திரைக்கு, அதாவது விண்டோஸ் வருவதற்கு முந்தைய செட்டிங் திரைக்குப் போங்கள், அங்கே அடாப்டர் எத்தனை வாட் என்று இருக்கும். "அன்னோன்" (தெரியவில்லை) என்று வந்தால் அதே மாடல் வைத்திருக்கும் தோழியின் ஒரிஜினல் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். அதில் சார்ஜ் ஏறினால் பிரச்சினை உங்கள் சார்ஜரில். அதிலும் "அன்னோன்" என்றால் லேப்டாப்பின் சார்ஜிங் ஜாக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பேட்டரியை முழுக்கக் காலி செய்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்று இன்னும் சொல்கிறார்கள். அது பழைய நிக்கல்-கேட்மியம் பேட்டரி காலத்து அறிவுரை, லித்தியத்துக்கு அடிக்கடி பூஜ்யம் வரை போவது கெடுதல். சோனி 1991-இல் லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்து இத்தனை வருடம் ஆகியும் நாம் பெரும்பாலான செல்களை இறக்குமதிதான் செய்கிறோம். காரைக்குடியில் 1948-இல் தொடங்கிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது, ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குப் போனது 2020-21 கணக்குப்படி 0.64 சதவீதம். இதை வைத்துக்கொண்டு என்னத்தைச் சொல்ல!

அடாப்டர் வாட் சரியாகக் காட்டியும் ஏறவில்லை என்றால் அப்போது பேட்டரியைச் சந்தேகப்படலாம். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, வாங்கியபோது இருந்த கொள்ளளவில் பாதிக்கும் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். டச்பேட் மேலே உப்பி நின்றால் மட்டும் ரிப்போர்ட்டெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே சார்ஜரைக் கழற்றி அணைத்துவிடுங்கள். பேட்டரியை நீங்களே நெம்பாதீர்கள், குத்தாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். சர்வீஸ் சென்டரிலேயே கழற்றச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.