ஜவ்வுக்கு வலிக்காது

அத்தை எக்ஸ்ரே படத்தைக் குழல்விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்டையார்பேட்டையில் இரண்டாம் மாடி வீடு. ஒருவர் ஏறினால் இறங்குபவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய படிக்கட்டு. முப்பது ஆண்டுகளாகக் காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுப்பவர், அப்போது அந்தப் படிகளில் ஒரு காலை வைத்து, மறு காலை இழுத்து அதே படியில் சேர்த்து, பிறகுதான் அடுத்த படிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

“இரண்டு முட்டியிலும் ஜவ்வு தேய்ந்துவிட்டதாம். இடதுதான் ரொம்ப மோசமாம். இரண்டையும் மாற்றிவிடச் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு வலிப்பது வலது முட்டிதானே? அப்புறம் இன்னொன்று. மாற்றிய பிறகு பலகை போட்டு அரிவாள்மனையில் உட்கார முடியுமா? நீ படித்தவன், நீ சொல்.”

நான் பள்ளியில் இயற்பியல் எடுப்பவன், மருத்துவன் அல்ல. ஆனால் இரண்டும் அருமையான கேள்விகள். அவரைப் பார்த்த மருத்துவர் ஐந்து நிமிடத்தில் படத்துக்குப் பதில் சொன்னாரே தவிர, இவற்றுக்குச் சொல்லவில்லை.

முதலில் இந்த ‘ஜவ்வு’. நம் பக்கத்தில் பல பொருள்களுக்கு இதுதான் ஒரே பெயர். வியாசர்பாடியில் கால்பந்து ஆடும் பையனுக்கு ஜவ்வு கிழிந்தது என்றால், எலும்போடு எலும்பைக் கட்டியிருக்கும் நார் அறுந்திருக்கலாம், அல்லது முட்டிக்குள் பிறை வடிவில் இருக்கும் குருத்துத் தட்டு கிழிந்திருக்கலாம். அறுபது வயதுக்காரருக்கு ஜவ்வு தேய்ந்தது என்றால், பெரும்பாலும் அது தொடை எலும்பின் கீழ் முனையையும் கால் எலும்பின் மேல் முனையையும் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு.

அதன் தடிமன் பல இடங்களில் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். முக்கால் பங்கு தண்ணீர். கொலாஜன் என்ற புரத இழைகளால் பின்னிய வலை ஒன்று. அதற்குள் எதிர் மின்சுமை கொண்ட சர்க்கரைச் சங்கிலிகள். அந்த மின்சுமைதான் தண்ணீரை உள்ளே இழுத்து வைத்துக்கொள்கிறது. நாம் காலை ஊன்றும்போது தண்ணீர் வெளியேறப் பார்க்கும், வலை அதைச் சட்டென்று விடாது. அந்த ஒரு நொடியில் நம் எடையில் பெரும்பங்கைச் சிறைப்பட்ட தண்ணீரின் அழுத்தமே தாங்குகிறது. பனிக்கட்டி மேல் பனிக்கட்டி சறுக்கும்போது இருக்கும் உராய்வைவிட, நல்ல முட்டிக்குள் உராய்வு குறைவு.

இந்தக் குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. நரம்பும் கிடையாது. ரத்தம் வராததால் அது சாப்பிடுவது பஞ்சு நீர் குடிப்பது போலத்தான்: அழுத்தினால் கழிவு வெளியே, விட்டால் சத்து உள்ளே. ஆகவே முட்டி வலிக்கிறது என்று மாதக்கணக்கில் கட்டிலிலேயே கிடப்பது, அதைப் பட்டினி போடுவதற்குச் சமம். அடிபட்டால் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் திறனும் அதற்கு மிகக் குறைவு.

நரம்பு இல்லை என்பதில்தான் அத்தையின் முதல் கேள்விக்கான பதில் இருக்கிறது. ஜவ்வு தேயும், ஆனால் ஜவ்வுக்கு வலிக்காது. வலிப்பவை அதன் அண்டை வீட்டுக்காரர்கள்: குருத்துக்கு அடியில் இருக்கும் எலும்பு, மூட்டைச் சுற்றியுள்ள பை, அந்தப் பையின் உள்உறை, முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் கொழுப்புத் திட்டு. தேய்ந்த குருத்தின் துகள்கள் உள்உறையை உறுத்த, அது வீங்கி நீர் சுரக்கிறது. ‘முட்டியில் எண்ணெய் வற்றிவிட்டது’ என்று வீட்டுக்கு வீடு சொல்கிறோம். உண்மையில் தேய்ந்த முட்டி பலவற்றில் நீர் கூடுதலாகவே இருக்கும். கொழகொழப்பு குறைந்து, நீர்த்துப்போன நீர். சிலருக்கு ஆண்டுக்கணக்கான வலியால் தண்டுவடமும் மூளையும்கூட வலிச் செய்தியைப் பெரிதாக்கிக் கேட்கப் பழகிவிடுகின்றன. தூக்கம் கெட்டவர்களுக்கும் மனம் சோர்ந்தவர்களுக்கும் அதே முட்டி அதிகம் வலிப்பது கற்பனை அல்ல.

எக்ஸ்ரே இந்த வலியைக் காட்டாது. அதில் குருத்தெலும்பே தெரியாது. இரண்டு எலும்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, ஓரத்தில் எலும்பு முளைத்திருக்கிறதா என்பதுதான் தெரியும். கெல்க்ரென், லாரன்ஸ் என்ற இருவர் 1957-ல் வகுத்த பூஜ்யம் முதல் நான்கு வரையிலான தரவரிசையைத்தான் இன்றும் ‘கிரேடு ஃபோர்’ என்று சொல்கிறார்கள். நான்காம் தரத்தில் இருந்துகொண்டு திருவொற்றியூர்த் தேருக்கு நடந்து போகிறவர்கள் உண்டு. இரண்டாம் தரத்தில் இருந்துகொண்டு இரவெல்லாம் விழித்திருப்பவர்களும் உண்டு. படத்தை நின்றபடி எடுத்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். படுத்த நிலையில் எடுத்தால் எடை ஏறாமல், இடைவெளி உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

ஆகவே இடது முட்டியின் படம் மோசமாக இருப்பதும், வலி வலதில் இருப்பதும் முரண் இல்லை.

இனி சுமைக் கணக்கு. சமதளத்தில் நடக்கும்போது முட்டிக்குள் இறங்கும் விசை நம் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு. படியில் அதற்கும் மேல். எழுபது கிலோ அத்தை மாடி ஏறினால், ஒவ்வொரு படியிலும் இரண்டு குவிண்டாலுக்கு மேல் அந்தச் சின்னப் பரப்பு தாங்குகிறது. அமெரிக்காவில் முட்டித் தேய்மானம் உள்ளவர்களிடம் அளந்து பார்த்ததில், உடல் எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டிக்குச் சுமார் நான்கு கிலோ சுமை குறைந்தது. ஐந்து கிலோ குறைத்தால் அடிக்கு இருபது கிலோ. எந்தத் தைலமும் தராத கணக்கு இது.

நம் ஊர்ப் பெண்களுக்குப் பெரும்பாலும் முட்டியின் உட்புறம்தான் முதலில் தேயும். நேரான காலிலேயே சுமையில் பாதிக்கு மேல் உட்புறம் போகிறது. உட்புறம் தேய்ந்தால் கால் வில்லாக வளையும். வளைந்தால் இன்னும் சுமை உட்புறமே சரியும், இன்னும் தேயும். வலியால் காலைப் பயன்படுத்தாமல் விட்டால் முன்தொடைத் தசை இளைக்கும். அதிர்வை உள்வாங்க வேண்டிய ஸ்பிரிங் அதுதான். இப்படி ஒன்று இன்னொன்றைத் தள்ளிக்கொண்டே போகும். நீண்ட நேரம் குத்துக்காலிட்டு உட்காரும் வேலைக்கும் முட்டித் தேய்மானத்துக்கும் தொடர்பு உண்டு என்று பெய்ஜிங் முதியோரிடம் நடந்த ஆய்வும் காட்டியிருக்கிறது. காசிமேட்டுக்கு அது புதிய செய்தி அல்ல.

அத்தை எல்லாவற்றையும் முயன்று பார்த்தவர். பிரண்டைத் துவையல், முடக்கத்தான் தோசை, வாராவாரம் ஆட்டுக்கால் சூப். ஆட்டுக்காலில் இருக்கும் கொலாஜன் நேராக நம் முட்டிக்குப் போய் ஒட்டிக்கொள்வதில்லை; வயிற்றில் அமினோ அமிலங்களாக உடைந்து, உடம்புக்குத் தேவையான இடத்துக்கெல்லாம் போய்விடும். ருசிக்காகக் குடிக்கலாம், நானும் குடிப்பேன். மருந்துக் கடைக் குளுக்கோசமைன் மாத்திரையும் அமெரிக்காவில் 2006-ல் வெளியான பெரிய ஆய்வில், மொத்தத்தில் வெற்று மாத்திரையைவிட மேலாக நிற்கவில்லை. மேலே தடவும் டைக்ளோஃபெனாக் களிம்பு ஓரளவு வேலை செய்கிறது. அதே மருந்தை ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் விலை கொடுக்கும். முட்டிக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள் நிம்மதி தரும், அவ்வளவே.

ஒரு சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘முட்டியைக் கழுவிவிடுகிறேன்’ என்று துளை போட்டு, உள்ளே சுத்தம் செய்யும் சிகிச்சை ஒரு காலத்தில் உலகமெங்கும் ஓடியது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் புரூஸ் மோஸ்லி என்ற அறுவை மருத்துவர் 180 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல மூன்றாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்குக் கழுவல், ஒரு பிரிவுக்குக் கழுவலோடு சுரண்டல். மூன்றாவது பிரிவுக்கு வெறும் தோல் கீறல் மட்டும். ஆனால் கருவிகளைக் கேட்டு வாங்குவது, தண்ணீர் தெறிக்கும் சத்தம் எல்லாம் உண்டு. தனக்கு எது நடந்தது என்பது நோயாளிக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகள் கழித்து மூன்று பிரிவினருக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. முடிவு 2002-ல் வெளியானது. முட்டி வலி தானாகவே ஏறும், இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருத்துவரிடம் ஓடுகிறோம். அடுத்து அது எப்படியும் இறங்கும். அந்த நேரத்தில் கையில் இருந்த சிகிச்சைக்குப் பெயர் கிடைக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் ‘எனக்கு ஒரே ஊசியில் சரியாகிவிட்டது’ என்ற கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஹூஸ்டன்தான் நினைவுக்கு வரும்.

மூட்டு மாற்று அறுவை அப்படிப்பட்டது அல்ல. டென்மார்க்கில் 2015-ல் வெளியான ஆய்வில் அறுவைக்குத் தகுதியான நூறு பேரில் பாதிப் பேருக்கு உடனே அறுவையோடு பயிற்சி, மறு பாதிக்குப் பன்னிரண்டு வாரப் பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து மட்டும். ஓராண்டில் அறுவை செய்தவர்களின் முன்னேற்றம் ஏறத்தாழ இரு மடங்கு. கடுமையான சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். ஆனால் பயிற்சி மட்டும் பெற்ற ஐம்பது பேரில் அந்த ஆண்டுக்குள் அறுவைக்குப் போனவர்கள் பதின்மூன்று பேர்தான். மற்றவர்கள் காத்திருக்கும் அளவுக்குத் தேறியிருந்தார்கள். இது அவசர அறுவை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

‘மாற்று’ என்ற சொல் கொஞ்சம் மிரட்டுகிறது. முட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டுவதில்லை. சொத்தைப் பல்லுக்குத் தொப்பி போடுவது போலத்தான். தொடை எலும்பு முனையிலும் கால் எலும்பு முனையிலும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சீவி எடுத்து, மேலே கோபால்ட்–குரோமியக் கலவையில் ஒரு தொப்பி, கீழே பெரும்பாலும் டைட்டானியத் தட்டு, நடுவே குருத்தெலும்பின் இடத்தில் மிக உறுதியான பாலித்தீன் வில்லை. எலும்போடு ஒட்ட வைப்பது அக்ரிலிக் சிமெண்ட், பல்செட் செய்யும் அதே இனம். 1890-களை ஒட்டி பெர்லினில் தெமிஸ்டாக்ளிஸ் குளூக் என்பவர் யானைத் தந்தத்தில் கீல் செய்து முட்டியில் பொருத்திப் பார்த்தார். சீழ் பிடித்துத் தோற்றது. இன்றைய வடிவத்துக்கு 1970-களில் நியூயார்க்கில் ஜான் இன்சால் குழுவினர் அடித்தளம் இட்டார்கள். வளைந்த காலை நிமிர்த்துவதும் இந்தச் சீவலில்தான் நடக்கிறது. சீவும் கோணம்தான் கலை. இப்போது சில இடங்களில் அறுவைக்கு உதவும் ரோபோ அந்தக் கோணத்தைத் துல்லியமாக்குகிறது. அதனால் பல ஆண்டுகள் கழித்து நோயாளி கூடுதல் சுகமாக நடக்கிறார் என்பது விளம்பரப் பலகைகள் சொல்லும் அளவுக்கு நிலைநாட்டப்படவில்லை.

மாறாதது எது என்றும் பாருங்கள். தசை பழைய தசைதான். இளைத்த தொடை இளைத்தே இருக்கும். கீறலுக்கு வெளிப்புறம் ஒரு திட்டு மரத்துப்போவது பலருக்கு உண்டு. முதல் சில வாரங்கள் வலி கடுமை. மடக்கும் பயிற்சியை அழுதுகொண்டாவது செய்ய வேண்டும், இல்லாவிட்டால் முட்டி விறைத்துவிடும்.

இப்போது பலகைக் கேள்வி. நடக்க முட்டி 70 பாகை வரை மடங்கினால் போதும். நாற்காலியிலிருந்து எழ, படி இறங்க 90, 100. மாற்றிய முட்டி பெரும்பாலும் 110 முதல் 120 வரை மடங்கும். குத்துக்காலிட்டு உட்கார 130-க்கு மேல், முழுதாகக் குந்தினால் 150 வரை வேண்டும். அத்தைக்கான பதில் எண்களிலேயே இருக்கிறது: மாடி ஏறலாம், மெட்ரோவில் நின்றுகொண்டு போகலாம், பலகையில் உட்கார முடியாது. வீட்டில் தரையோடு இருக்கும் கழிப்பறையையும் மாற்றியாக வேண்டும். இதை அறுவைக்குப் பிறகு தெரிந்துகொள்பவர்கள்தான் ஏமாந்துபோகிறார்கள். வெளிநாட்டு ஆய்வுகளில் அறுவை செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் திருப்தி இல்லை என்கிறார். நம்மைப் போலத் தரையில் வாழ்பவர்களுக்கு அந்த ஏமாற்றம் எளிதில் வரும்.

வயதும் கணக்கில் வரும். நூறு மாற்று முட்டிகளில் 82 போல இருபத்தைந்து ஆண்டுகள் தாங்குகின்றன. பிரிட்டனில் எழுபதுக்கு மேல் செய்துகொண்டவர்களில் மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு வாழ்நாளில் நூற்றுக்கு ஐந்து. ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்துகொண்ட ஆண்களுக்கு முப்பத்தைந்து. மறு அறுவை முதல் அறுவையைவிடக் கடினம். கிருமித் தொற்று நூற்றில் ஒருவர் இருவருக்கு வரலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு ஆபத்து அதிகம். முட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் மூன்று மாதமாவது இடைவெளி விடச் சொல்வார்கள். செலவில் 2017 ஆகஸ்ட்டில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தபோது, பரவலாகப் பயன்படும் கோபால்ட்–குரோமிய முட்டியின் விலை வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்றானது. மருத்துவமனைக் கட்டணம் தனி.

அத்தை முதலில் பன்னிரண்டு வாரம் தொடைப் பயிற்சி செய்தார். துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து அழுத்துவது, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவது. இடது முட்டி அடங்கிவிட்டது. வலது அடங்கவில்லை, இரவுத் தூக்கம் திரும்பவே இல்லை. அதற்கிடையில் சர்க்கரையைக் கீழே கொண்டுவந்தார். மழைக்காலம் முடிந்து, காப்பீட்டு அட்டையோடு ஓர் அரசு மருத்துவமனையில் வலதை மட்டும் மாற்றிக்கொண்டார். படத்தில் மோசமான இடது முட்டி அப்படியே இருக்கிறது.

ஏழு மாதம் ஆகிறது. மகன் இடுப்புயரத்துக்கு ஒரு மரமேசையும் உயரமான முக்காலியும் அடித்துக் கொடுத்திருக்கிறான். அரிவாள்மனை போய்க் கத்தி வந்துவிட்டது. மாடிக்கு ஒரு படிக்கு ஒரு கால் என்று ஏறி வருகிறார். வஞ்சிரத்தைத் துண்டு போடும்போது மட்டும் கத்தி வழுக்குகிறது என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.