கெத்தாப்பாங் இலையின் சிவப்பும் சங்குப்பூவின் நீலமும்

செப்டம்பர் பள்ளி விடுமுறை தொடங்கி ஆண்டிறுதி விடுமுறை முடியும்வரை, பிள்ளைகளுக்கான கைவேலைப் புத்தகங்களும் காணொளிகளும் மேப்பிள் இலை, பூசணிக்காய் என்று வேறொரு நாட்டின் பருவத்தையே காட்டிக்கொண்டிருக்கின்றன. சிங்கப்பூர் பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 1.3 பாகையில் அமைந்திருப்பதால், இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே 10 நிமிட வேறுபாடுகூட இல்லை. தோக்கியோவில் அந்த வேறுபாடு 5 மணி நேரத்தை நெருங்குகிறது. ஆனாலும் நிறம் மாறி உதிரும் இலை நமக்கு அந்நியமானதன்று. கிழக்குக் கடற்கரைப் பூங்காவிலும் சாலையோரங்களிலும் கிளைகளை அடுக்கடுக்காகப் பரப்பி நிற்கும் கெத்தாப்பாங் மரம், அதாவது தமிழ்நாட்டார் நாட்டு வாதுமை என்று அழைக்கும் மரம், பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை தன் பெரிய இலைகளை மஞ்சளாகவும் செந்தூரமாகவும் கருஞ்சிவப்பாகவும் மாற்றி உதிர்க்கிறது. அந்த இலையைச் சிவக்கவைக்கும் நிறமியும், சீனர்களின் நடு இலையுதிர்காலத் திருவிழாவின்போது மூன்கேக் அச்சில் வார்க்கும் அகர்அகர் ஜெல்லிக்கு நீலம் தரும் சங்குப்பூவின் நிறமியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. விடுமுறை நாளில் பிள்ளைகளோடு மேசையில் உட்கார்ந்து செய்யக்கூடிய கைவேலை ஒன்றையும் தின்பண்டம் ஒன்றையும் இந்த உறவைக் கொண்டே விளக்கிவிடலாம்.

பச்சை இலையில் பச்சையம் மட்டும் இருப்பதில்லை. கரோட்டினாய்டுகள் எனப்படும் மஞ்சள் நிறமிகளும், பச்சையம் தங்கியிருக்கும் அதே நுண்ணுறுப்புகளான பசுங்கணிகங்களுக்குள் தொடக்கத்திலிருந்தே இருக்கின்றன. பச்சையத்தின் மிகுதியால் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். இலையை உதிர்க்கும் முன், மரம் அதிலுள்ள தழைச்சத்தையும் (நைட்ரஜன்) மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) திரும்ப எடுத்துக்கொள்ள முனைகிறது. அந்தத் தழைச்சத்தின் பெரும்பகுதி பச்சையத்தில் இல்லை. பச்சையத்தைச் சுமந்து நிற்கும் புரதங்களிலும் ஒளிச்சேர்க்கையை நடத்தும் புரதங்களிலும்தான் இருக்கிறது. புரதங்களைப் பிரித்தெடுத்தால் பச்சையம் கட்டவிழ்ந்துவிடும்; கட்டவிழ்ந்த பச்சையம் வெயிலை உறிஞ்சி, உயிரணுவைத் தாக்கும் ஆக்சிஜன் வடிவங்களை உண்டாக்கும். எனவே மரம் அதைப் படிப்படியாக நிறமற்ற பொருள்களாகச் சிதைத்து ஒதுக்கிவைக்கிறது. பச்சை மறைந்ததும் மஞ்சள் தெரிகிறது.

சிவப்பின் கதை வேறு. அந்தோசயனின் என்ற அந்த நிறமி இலையில் முன்பே மறைந்திருந்ததன்று. சாகப்போகும் இலை, எஞ்சியிருக்கும் சர்க்கரையைச் செலவிட்டுப் புதிதாகத் தயாரிப்பது. அது பசுங்கணிகத்தில் தங்காமல், உயிரணுவுக்குள் சாறு நிறைந்திருக்கும் பையில் நீரில் கரைந்து கிடக்கிறது. ஒளி படும் இடத்தில் அது கூடுதலாக உருவாவதால், பல மரங்களில் ஒன்றன்மேல் ஒன்று கவிந்த இலைகளைப் பிரித்துப் பார்த்தால், மேலிலையின் நிழல் விழுந்த பகுதி மட்டும் கீழிலையில் மஞ்சளாகவே நின்றுவிட்டிருக்கும். உதிரப்போகும் இலை எதற்காக இப்படிச் செலவு செய்கிறது என்பதில் அறிவியலாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. சத்துகளைத் திரும்ப எடுத்து முடிக்கும்வரை இலையை வெயிலின் கடுமையிலிருந்து காக்கும் திரை அது என்பது ஒரு விளக்கம். 2001ஆம் ஆண்டில் உயிரியலாளர்கள் வில்லியம் ஹாமில்டனும் சாம் பிரவுனும் வெளியிட்ட கட்டுரை, பளிச்சிடும் நிறம் பூச்சிகளுக்கு மரம் விடுக்கும் எச்சரிக்கை என்றது. குளிர்நாட்டு மரங்களை மனத்தில் வைத்து எழுந்த வாதங்கள் இவை. கடற்கரை வெயிலில் நிற்கும் கெத்தாப்பாங்குக்கு முதல் விளக்கமே கூடுதலாகப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இலை சேகரிப்பதில் ஒரு கவனம் தேவை. பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் அனுமதியின்றிச் செடிகொடிகளின் பகுதிகளை எடுத்துச் செல்லக்கூடாது என்பதால், பள்ளி வளாகத்தில் ஆசிரியரிடம் கேட்டோ, தோட்டம் வைத்திருக்கும் உறவினர் வீட்டிலிருந்தோ எடுத்துக்கொள்வது நல்லது. கெத்தாப்பாங் கிடைக்காவிட்டால் எந்தப் பச்சை இலையும், நிறம் மாறிய எந்த இலையும் போதும்.

இலைக்குள் இருக்கும் நிறங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் முறையை உருவாக்கியவர் மிகைல் த்ஸ்வெத் என்ற ரஷ்யத் தாவரவியலாளர். வார்சாவில் பணியாற்றிய அவர், இலைச்சாற்றைச் சுண்ணாம்புத்தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் வடியவிட்டபோது அது பச்சையும் மஞ்சளுமான பட்டைகளாகப் பிரிந்து நின்றது. 1906இல் அந்த முறைக்கு குரோமட்டோகிராபி என்று பெயரிட்டார். வீட்டில் குழாய்க்குப் பதிலாக காப்பி வடிதாள் போதும். இலையைப் பொடிப்பொடியாகக் கிள்ளி ஒரு கண்ணாடிக் குவளையில் போட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை இலை மூழ்கும் அளவுக்கு ஊற்றி, கரண்டியின் பின்புறத்தால் நசுக்க வேண்டும். குவளையை வாய் மூடி, வெந்நீர் உள்ள கிண்ணத்தில் அரை மணி நேரம் வைத்தால் சாறு அடர்பச்சையாகும். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால் ஊற்றுவதும் சூடாக்குவதும் பெரியவர் வேலை. அடுப்பு அணைந்திருக்க வேண்டும், சன்னல் திறந்திருக்க வேண்டும்.

வடிதாளை விரல் அகலத்துக்கு வெட்டி, அதன் நுனி மட்டும் சாற்றில் படும்படி ஒரு பென்சிலில் தொங்கவிட்டால், திரவம் தாளின் இழைகள் வழியாக மெல்ல மேலேறும். நிறமிகளும் கூடவே ஏறும், ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. தாளின் இழையோடு கூடுதலாக ஒட்டிக்கொள்ளும் நிறமி பின்தங்குகிறது. திரவத்தில் கரைந்திருப்பதையே விரும்பும் நிறமி முன்னே போகிறது. ஒரு மணி நேரத்தில் பச்சைக்கு மேலே மெல்லிய மஞ்சள் விளிம்பு ஒன்று தெரியும். முழுப் பச்சையாக இருந்த இலையிலிருந்து அந்த மஞ்சள் வருவதைக் காணும் பிள்ளைக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. அந்தத் தாள் துண்டுகளைக் காயவைத்து வாழ்த்தட்டையில் ஒட்டலாம்; தீபாவளி அட்டைக்கு அவை பொருத்தமாகவே இருக்கும்.

சிவப்பு இலையை ஆல்கஹாலுக்குப் பதிலாக வெந்நீரில் நசுக்கினால் நீரில் கரையும் அந்தோசயனின் இறங்கவேண்டும். இறங்கத்தான் செய்கிறது, ஆனால் கெத்தாப்பாங் இலையில் டானின் எனும் துவர்ப்புப் பொருள் மிகுதியாக இருப்பதால் நீர் தேநீர் நிறத்துக்குப் போய்விடுகிறது. சண்டைமீன் வளர்ப்போர் மீன்தொட்டியில் இந்தக் காய்ந்த இலையைப் போடுவது அந்த டானினுக்காகத்தான். அந்தோசயனினைக் கலப்பின்றிப் பார்க்க வேண்டுமானால் சங்குப்பூவிடம்தான் போகவேண்டும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரங்களிலும் சமூகத் தோட்ட வேலிகளிலும் படர்ந்திருக்கும் இக்கொடியை மலாய்க்காரர்கள் புங்கா தெலாங் என்பார்கள். பெரானாக்கான் பலகாரங்களில் புலுட் இந்தி எனப்படும் பலகாரத்தின் ஒட்டரிசிச் சோற்றுக்கு நீலம் ஏற்றுவது இதுவே. காய்ந்த பூக்கள் இருபதின் பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு, ஒரு குவளை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் மைபோல நீலச்சாறு கிடைக்கும். அதில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஊதாவாகவும், மேலும் விட்டால் இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாகவும் மாறும். வேறொரு குவளையில் சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் நீலம் பச்சையை நோக்கி நகரும்.

இதற்குக் காரணம், அந்தோசயனின் மூலக்கூறு ஹைட்ரஜன் அயனிகளை ஏற்பதும் இழப்பதும்தான். அமிலத்தில் அயனிகள் நிறைய இருப்பதால் மூலக்கூறு ஒன்றை ஏற்று நேர்மின்னூட்டம் பெறுகிறது; காரத்தில் அயனிகளை இழக்கிறது. ஒவ்வொரு நிலையிலும் அதன் எலெக்ட்ரான்கள் பரவியிருக்கும் விதம் மாறுவதால், வெள்ளொளியில் எந்தப் பகுதியை உறிஞ்சி எதை விட்டுவிடுகிறது என்பதும் மாறுகிறது. பச்சையத்தையும் பிற தாவர நிறமிகளையும் ஆராய்ந்து 1915இல் வேதியியல் நோபெல் பரிசு பெற்ற ரிச்சர்ட் வில்ஷ்டெட்டர், சிவப்பு ரோஜாவிலும் நீலக் கார்ன்பிளவர் பூவிலும் இருப்பது ஒரே நிறமி என்று கண்டபோது, பூச்சாற்றின் அமிலத்தன்மையே வேறுபாட்டுக்குக் காரணம் என்று கருதினார். நிறமி ஒன்றுதான் என்பது சரி. ஆனால் கார்ன்பிளவரின் நீலத்துக்கு இரும்பு, மக்னீசியம் முதலிய உலோக அயனிகளோடு அது சேர்ந்து நிற்பதே காரணம் என்பது பின்னால்தான் தெரிந்தது.

சாதாரண அந்தோசயனின், அமிலம் குறைந்த நீரில் நிறமிழந்து வெளுத்துவிடும். நீர் மூலக்கூறு அதன் நடு வளையத்தைத் தாக்குவதே காரணம். சங்குப்பூவின் நிறமியிலோ, நீண்ட கரிமக் கிளைகள் மடிந்து வந்து அந்த வளையத்தின் மேல் படிந்து, நீர் நெருங்க முடியாதபடி மறைத்துக்கொள்கின்றன. சமையலுக்கு ஏற்ற இயற்கை நீலங்கள் மிகச் சிலவே இருக்கும் நிலையில், இந்தப் பூவின் சாறு நிலைத்து நிற்பது அதனால்தான். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் 2021இல் இதை உணவு நிறமூட்டியாக ஏற்றுக்கொண்டது.

கைவேலைக்கு இதைவிட எளிதான சாயம் கிடைப்பது அரிது. காப்பி வடிதாள்களை நீலச்சாற்றில் தோய்த்துக் காயவைத்து, ஒரு தூரிகையை எலுமிச்சைச் சாற்றிலும் மற்றொன்றை ஆப்ப சோடாக் கரைசலிலும் நனைத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தால், நிறமில்லாத இரு நீர்களும் நீலத்தாளில் ஊதாவும் பச்சையுமாகக் கோலம் போடும். அந்தத் தாளை மின்கல விளக்குக்கு உறையாக ஒட்டினால் திருவிழாவுக்குக் கூண்டு விளக்கு தயார். வெயில் படும் சன்னலில் மாட்டினால் ஒளி நிறமியைச் சிதைத்துவிடும்.

தின்பண்டத்துக்கு வருவோம். 10 கிராம் அகர்அகர் தூளை 1 லிட்டர் தண்ணீரில் கலந்து, கொதிக்கவிட்டு, சர்க்கரை சேர்த்து, நீலச்சாற்றை ஊற்றினால் வேலை முடிந்தது. மூன்கேக் அச்சில் வார்க்கலாம். செம்பாசிகளிலிருந்து எடுக்கப்படும் அகர்அகர், கொதிநீரில் தனித்தனிச் சங்கிலிகளாகப் பிரிந்து, ஆறும்போது கயிறு திரிப்பதுபோல இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு, இடைவெளிகளில் நீரைச் சிறைப்பிடிக்கிறது. 40 பாகை செல்சியசை ஒட்டி உறையும் அது, மீண்டும் உருக 85 பாகை வரை சூடு வேண்டும். ஜெலட்டின் நம் ஊர்ப் பிற்பகலில் குளிர்பெட்டிக்கு வெளியே தளர்ந்துவிடும், அகர்அகர் அசையாது. சைவ உணவுக்காரர்களுக்கும் தடையில்லை.

இதே பண்பு மருத்துவ வரலாற்றையும் மாற்றியிருக்கிறது. பெர்லினில் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்ட்டர் ஹெஸ்ஸ, நுண்ணுயிர் வளர்க்கும் ஜெலட்டின் உருகிவிடுகிறது என்று 1881இல் தவித்தபோது, பழக்கூழுக்கும் ஜெல்லிக்கும் தான் பயன்படுத்திவந்த அகர்அகரை முயன்று பார்க்கச் சொன்னவர் அவருடைய மனைவி ஃபேனி. ஜாவாவில் வாழ்ந்திருந்த அண்டைவீட்டார் வழியாக அவர் அதை அறிந்திருந்தார். நம் வட்டாரத்துச் சமையலறைச் சரக்கு உலகின் ஆய்வகங்களுக்குள் நுழைந்தது அப்படித்தான்.

ஊதா அடுக்கு வேண்டுமானால் எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்து, ஆவி தணிந்தபின்பே சேர்க்க வேண்டும். அமிலமும் கொதிநிலையும் சேர்ந்தால் அகர்அகரின் சங்கிலிகள் துண்டாகி, எத்தனை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தாலும் கூழாகவே இருக்கும். தேங்காய்ப்பால் அடுக்கை ஊற்றுவதற்கும் பக்குவம் உண்டு: கீழடுக்கு விரலில் ஒட்டும் அளவுக்கு உறைந்து, இன்னும் வெதுவெதுப்பாக இருக்கையில் ஊற்றினால்தான் இரண்டும் பற்றிக்கொள்ளும், முழுதும் குளிர்ந்துவிட்டால் அச்சிலிருந்து கவிழ்க்கும்போது தனித்தனியாகக் கழன்றுவிடும்.

ஊதா அடுக்கை நீல அடுக்கின் மேலேயே நேரடியாக ஊற்றிவைத்தால் மறுநாள் காலையில் இன்னொன்றையும் கவனிக்கலாம். முந்திய இரவில் கோடு கிழித்தாற்போல இருந்த எல்லை மங்கி, ஊதா நிறம் நீலத்துக்குள் இறங்கியிருக்கும். அகர்அகர் நீரை அசையவிடாமல் பிடித்திருந்தாலும், நீரில் கரைந்த சிட்ரிக் அமில மூலக்கூறுகளை அது தடுப்பதில்லை. அவை தாமாகவே செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவுகின்றன. நீல அகர்அகரை 1 சென்டிமீட்டர், 2 சென்டிமீட்டர் கனசதுரங்களாக வெட்டி எலுமிச்சைச் சாற்றில் போட்டு, நேரம் குறிக்கச் சொல்லலாம். பெரிய துண்டின் நடுப்பகுதி நிறம் மாற இருமடங்கு நேரம் ஆகும் என்றே பிள்ளைகள் கணிப்பார்கள். பரவலுக்குத் தேவைப்படும் நேரம் தொலைவின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்ப உயர்வதால், உண்மையில் ஏறத்தாழ நான்கு மடங்கு ஆகும்.